முன்கால் இழுக்காத ஜீப்பும் எங்கள் டிரசரும்

ஆசிரியர் ஐயா, என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரிய ற எங்கே வரும், சின்ன ர எங்கே வரும் என்று இன்றைக்கும் சந்தேகம்தான். பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பத்திரிகையில் வாராவாரம் யாராவது தமக்குத் தெரிந்த ஒரு வேடிக்கை மனிதரைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கும் ஒருவர் இருக்கிறார். நாலு பேர் முன்னால் நின்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலேயே வண்டிகளை மனிதர்களாகவும் மனிதர்களை வண்டிகளாகவும் நடத்திய ஒரே ஆள் எங்கள் டிரசர்தான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரைத்தான் டிரசர் என்போம். இவர் அந்த டிரசர் அல்ல. ரப்பர் ஆலையில் எஞ்சின் பார்க்கிறவர். ஆனால் எந்த வண்டி வந்து நின்றாலும் முதலில் அதன் நெற்றியில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பார். எண்ணெய்க் கம்பியை உருவி, "நாக்கு கறுத்திருக்கு, பேதி மருந்து கொடுக்கணும்" என்பார். அந்தப் பெயர் அவருக்கு அப்படி ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.

மனிதர்கள் விஷயம் வேறு. ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி இருமினால், "கிராணியாரே, பிளக்கைக் கழற்றித் துடைக்காம இப்படியே ஓட்டுனா நடு ரோட்டுல நின்னுடுவீங்க" என்பார். எங்களை வேலை வாங்கும் மண்டோரின் வயிற்றைப் பார்த்து, "டயருக்குக் காத்து ஜாஸ்தி, வெயில்ல நிக்காதீங்க" என்பார். நான் பேசாத ஆள் என்பதால் எனக்குச் சைலன்சர் என்று பெயர். என் மனைவி பாக்கியத்தை மட்டும் தங்கச்சி என்பார். அவளிடம் அவருக்குக் கொஞ்சம் பயம்.

ஜப்பான்காரன் தோற்றபின் திரும்பி வந்த வெள்ளைக்காரப் பட்டாளம் எங்கள் தோட்டத்து ஓரச் சதுப்பில் ஒரு ஜீப்பை விட்டுவிட்டுப் போனது. இரண்டு வருஷம் எருமைகள் அதில் முதுகு தேய்த்தன. டிரசர் மாடுகளைப் பூட்டி அதை வெளியே இழுத்தார். உள்ளே ஒரு விரால் மீன் குடும்பமே இருந்தது. மீன்களைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஜீப்புக்கு வைத்தியம் தொடங்கினார். எஞ்சினைப் பிரித்துக் கோணியில் பரப்பினார். கசிகிற இடங்களுக்கு எங்கள் ஆலை ரப்பரிலேயே வளையம் வெட்டிப் போட்டார். உட்கார இடம் இல்லை என்று கள்ளுக்கடை பெஞ்சு ஒன்று காணாமல் போனது. கொஞ்ச நாள் எல்லோரும் நின்றுகொண்டே குடித்தார்கள். ஒருநாள் ஜீப்பு இருமிக்கொண்டு ஆலையைச் சுற்றி வந்தபோது, அந்தப் பெஞ்சில் அரசன் மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு ஒரே சந்தோஷம். ஜீப்பைத் தனக்கு எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. ஜீப்பு என்றால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும். இதற்குப் பின்சக்கரம் இரண்டும்தான் இழுத்தன. முன் அச்சின் மூட்டு சதுப்பிலேயே துருப்பிடித்து உடைந்துவிட்டது. "முன்கால் ரெண்டும் கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. கூட வரும், வேலை செய்யாது" என்பார். சமமான தோட்டத்துச் சாலையில் அது யாருக்கும் தொந்தரவாக இல்லை.

பிறகு எமர்ஜென்சி வந்தது, காட்டில் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். வீட்டில் அரிசி வைக்கக்கூடாது, பொதுச் சமையலறையில் ஆக்கிய சோற்றைத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு போகிறதாம். பக்கத்துத் தோட்டத்துத் துரையை அவர்கள் சுட்டதும் எங்கள் துரை ஜீப்பைச் சுற்றி இரும்புத் தகடு அடிக்கச் சொன்னார். ஆலையில் கிடந்த பழைய பாய்லரை வெட்டித் தகடு அடித்தார் டிரசர். பார்க்க ஒரு கீறல் மட்டும் விட்டார். உள்ளே உட்கார்ந்தால் இட்லிப் பானைதான். துரை சிவந்து வெந்து இறங்குவார்.

"தொரை, கனம் ஜாஸ்தி. பின்கால் ரெண்டு மட்டும் தாங்காது. முன்காலைச் சரி பண்ண டைம் கொடுங்க" என்றார் டிரசர்.

"ரெண்டு கால் போதும். நீயும் நானும் ரெண்டு காலில்தானே நடக்கிறோம்?" என்றார் துரை. தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

ரந்தாவ் சாலையில் ஒரு செம்மண் ஏற்றம் உண்டு. இரண்டு பக்கமும் புதர். ஒரு மழை நாளில் டிரைவர் வேலு, துரையை ஸ்டேஷனில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான். ஏற்றத்தின் நடுவில் பின்சக்கரங்கள் சேற்றில் சுழன்று ஜீப்பு நின்றுவிட்டது. நின்ற வண்டியைப் புதரிலிருந்து காட்டுக்காரர்கள் சுட்டார்கள். அந்தக் கீறல் வழியாகவே குண்டு போயிருந்தது. வேலுவுக்கு இரண்டு பிள்ளைகள்.

ஜீப்பை லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். பெஞ்சைக் கழுவ யாரையும் டிரசர் விடவில்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றித் தானே கழுவினார். அன்றைக்கு அவர் யாரையும் வண்டி பாகம் சொல்லிக் கூப்பிடவில்லை.

மறுநாள் துரை என்னைக் கைகாட்டி, "நீ லாரி ஓட்டுவாய்தானே? இனி ஜீப்பு உனக்கு" என்றார். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையைக் குனிந்தேன். தலையாட்டினேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் பாக்கியம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக டிரசரிடம் போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே அவர் துரை முன்னால் போய் நின்றார்.

"வண்டிக்குத் தீட்டு, தொரை. சாவு விழுந்த வண்டி. பதினாறாம் நாள் கருமாதி முடியற வரைக்கும் தொடக்கூடாது."

துரை பெரிய கிராணியைப் பார்த்தார். "அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா?"

வண்டிக்குத் தீட்டு என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. ஆனால் கிராணிக்கு லயத்து ஆட்கள் வேலைக்கு வராமல் போய்விடுவார்களோ என்று பயம். "இருக்கு சார், ரொம்பப் பழைய வழக்கம்" என்றார் இருமிக்கொண்டே.

வேலுவுக்குக் கருமாதி நடந்த அன்றே ஜீப்புக்கும் நடந்தது. டிரசர் மேல் கித்தானைக் கழற்றி, "மொட்டை போட்டாச்சு" என்றார். அரிசிக்குத் தடை என்பதால் மரவள்ளிக்கிழங்கில் பிண்டம் பிடித்தார். காக்காய் அதைத் தொடவில்லை. "எமர்ஜென்சியில அதுக்கும் கேட் பாஸ் இல்லபோல" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்போது வேலுவின் மனைவி வந்தாள். ஜீப்பின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தீட்டு கழிந்தும் வண்டி கிளம்பவில்லை. தினமும் காலையில் பாக்கியம் போய்க் கேட்பாள்.

"அண்ணே, வண்டிக்கு எப்படி இருக்கு?"

"மோசம்தான் தங்கச்சி. கஞ்சிகூட எறங்கல."

அவள் முகமெல்லாம் மலர்ந்து வேலைக்குப் போவாள்.

துரை கேட்டால் ஒருநாள் மலேரியா என்பார், ஒருநாள் வாதம் என்பார். முடுக்கிப் பார்த்தால் எஞ்சின் எடுக்காது. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. முன் அச்சைப் பிரித்துப் போட்டு, அந்த உடைந்த மூட்டுக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தார். அம்பாங்கானில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் பழைய இரும்புக் கடையில் நொறுங்கிப்போன இன்னொரு ஜீப்பு கிடந்தது. பாஸ் வாங்கிக்கொண்டு சைக்கிளில் போனவர், மூட்டோடு பஸ்ஸில் திரும்பினார். துணியில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கேட்டில் காவலுக்கு நின்ற மலாய்ப் போலீஸ்காரர், "அபா இனி?", அதாவது இது என்ன, என்று கேட்டுத் துணியை விலக்கினார்.

"லுத்துட் லா, தொவான். ஜீப்போட முட்டி" என்றார் டிரசர், மலாயில் பாதியும் தமிழில் பாதியுமாக.

போலீஸ்காரர் அரிசி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"சைக்கிள் எங்கண்ணே?" என்று நான் கேட்டேன்.

"தவுக்கே வீட்டுல ரெஸ்ட் எடுக்குது. அதுக்கும் வயசாச்சுலா, சைலன்சர்."

அதன்பின் அவர் நடந்துதான் எங்கேயும் போனார்.

துரைக்குப் பொறுமை போய்விட்டது. சிரம்பான் முகாமிலிருந்து பட்டாளத்து மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார். கெட்டிக்காரப் பையன். மூடியைத் திறந்து பார்த்ததும் சொல்லிவிட்டான். தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கிற ரோட்டர் என்ற சின்னத் துண்டு அங்கே இல்லை. அது இல்லாவிட்டால் எந்த எஞ்சினும் எடுக்காது. யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றான்.

டிரசர் மடியிலிருந்த வெற்றிலைப் பையைத் திறந்தார். சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ரோட்டர் இருந்தது.

"ஏன்?" என்றார் துரை.

"முன்கால் இன்னும் கூடலை தொரை. அரைகுறையா தேறுன நோயாளியை எந்த டிரசர் வீட்டுக்கு அனுப்புவான்? அனுப்பினா அந்தச் செம்மண் ஏத்தத்துல மறுபடியும் நிக்கும். இந்தச் சைலன்சருக்கும் கருமாதி பண்ண வேண்டி வரும்."

பையன் ரோட்டரைப் போட்டு எஞ்சினைக் கிளப்பிக் காட்டிவிட்டுப் போனான். போய் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறான். அந்தக் காலத்தில் துரையின் வண்டியை ஓடவிடாமல் செய்கிறவனுக்கு ஒரே அர்த்தம்தான். காட்டுக்காரனின் ஆள். அதற்கு மேல் துரையே நினைத்தாலும் தடுத்திருக்க முடியாது.

போலீஸ் வரும் என்று தோட்டம் முழுக்கத் தெரியும். டிரசருக்கும் தெரியும். அவர் எங்கும் போகவில்லை. சாயங்காலம் முழுக்கவும் மறுநாள் விடிந்ததிலிருந்தும் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். போலீஸ் லாரி வந்து நின்றபோது அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"வெளியே வா" என்று ஒரு தமிழ்ப் போலீஸ்காரர் அதட்டினார்.

அடியிலிருந்து கறுத்த கை ஒன்று நீண்டது. "கத்தாதீங்க சார். அந்தப் பெரிய ஸ்பானரை இப்படித் தள்ளுங்க."

போலீஸ்காரர் என்ன நினைத்தாரோ, குனிந்து எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் காத்துக்கொண்டு நின்றோம். உள்ளே நட்டு இறுகும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர். கிராணியை வைத்து விசாரித்தார். நோயாளி, முன்கால், முட்டி என்று டிரசர் சொன்னதையெல்லாம் கிராணி அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். அம்பாங்கானிலிருந்து துணியில் மறைத்து இரும்பு கொண்டுவந்ததும் குற்றத்தில் சேர்ந்தது.

லாரியில் ஏறும்முன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சைலன்சர், கியர் பக்கத்துல இருக்கிற, முன்காலை இழுக்க வைக்கிற சின்னக் கம்பை ஏத்தத்துக்கு முன்னாடியே தள்ளிடு. ஏறும்போது தள்ளாதே. நிறுத்தாதே. என்ன சத்தம் கேட்டாலும் காலை எடுக்காதே."

நான் ஏதாவது சொல்லியிருப்பேன். பாக்கியம் எனக்கு முன்னால் போய் அவர் காலில் விழுந்துவிட்டாள். "எழுந்திரு தங்கச்சி, கிரீஸ் ஒட்டிக்கும்" என்றார்.

அந்த வாரமே மழை. துரையும் இரண்டு காவலர்களும் உள்ளே. ஏற்றத்துக்கு முன்னால் கம்பைத் தள்ளினேன். பாதி ஏறியதும் சுட்டார்கள். தகட்டில் ஆணி அடிப்பது போலச் சத்தம். துரை தலையை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டார். பின்சக்கரம் ஒருமுறை வழுக்கியது. உடனே முன்சக்கரங்கள் இரண்டும் செம்மண்ணைக் கவ்விப் பிடித்து இழுத்தன. வண்டி நிற்கவே இல்லை. மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டோம். ஸ்டேஷனில் நிறுத்தும்போதுதான் காலை எடுத்தேன். வண்டி ஏறிவிட்டது என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அது மட்டும்தான் மனதில் இருந்தது.

சொல்ல முடியவில்லை. தடுப்புக் காவலில் இருக்கிறார், பார்க்க முடியாது என்றார்கள். வண்டி ஓடுகிறது, அவரை விட்டுவிடலாம் என்று துரை ஒருமுறை கேட்டுப் பார்த்தாராம். பலிக்கவில்லை. மறு வருஷம் அவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகக் கிராணி சொன்னார். கைக்குழந்தையாக இங்கே வந்தவர் அவர். அங்கே எந்த ஊர், யார் இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது.

இப்போது நான் மம்பாவில் குடியிருக்கிறேன், லாரி ஓட்டுகிறேன். பாக்கியத்துக்கும் எனக்கும் நான்கு பிள்ளைகள். மூத்தவன் அவர் போன பிறகு பிறந்தவன். கோயிலில் எனக்காக என்ன கேட்பது என்று எனக்குத் தெரியாது. அவருக்காக ஒன்று கேட்பேன். போன இடத்தில் யாருமே இல்லாவிட்டாலும், நெற்றியில் கை வைத்துப் பார்க்க அவருக்கு ஒரு கெட்டுப்போன வண்டியாவது கிடைத்திருக்க வேண்டும்.

மம்பாவ், ஞாயிற்றுக்கிழமை, 8 ஆகஸ்டு 1971.