கல்யாண வேனில் கலங்கரை விளக்கம் பார்த்த பெருச்சாளி

ஒரு காட்டில் துளசிங்கம் என்றொரு பெருச்சாளி இருந்தார். எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டார் என்று ஊரார் அவரைச் சொல்வார்கள். அது அபாண்டம். அவர் கழுவிய கையாலும் ஓட்டமாட்டார். கையை வீசினால் பசிக்கும், பசித்தால் செலவு.

அவர் மனைவி செங்கமலம் கல்யாணமாகி ஒன்பது கோடையையும் வளைக்குள்ளேயே கழித்தவள். பத்தாவது கோடையில் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, தெக்கால இருக்கிற தீவுல மலை உச்சியில ஒரு கலங்கரை விளக்கம் இருக்காம். மேல ஏறி நின்னா நாலு பக்கமும் கடலாம். அதை நான் ஒரு தடவை பார்க்கணும். இல்லேன்னா எங்கம்மா வளைக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

துளசிங்கத்துக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. கரைந்த புளியை வீணாக்குவானேன் என்று மூன்று நாளைக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டார். அவருக்கு மனைவி மேலும் உயிர், சிக்கனத்தின் மேலும் உயிர். ஒரே உடம்பில் இரண்டு உயிரை வைத்துக்கொண்டு அவர் தேங்காய் ஏற்றிப்போன படகில் மூட்டைகளுக்கு நடுவே செங்கமலத்தோடு தீவுக்குப் போய் இறங்கினார்.

படகுத்துறையிலேயே வாடகை ஸ்கூட்டர் கடை இருந்தது. கடை முதலாளி நண்டு ஒரு படிவத்தை நீட்டினார். வீட்டு வாசல் எந்தத் திசை என்று அதில் கேட்டிருந்தது. பெருச்சாளி வளைக்கு மூன்று வாசல். துளசிங்கம் மூன்றையும் நேர்மையாக எழுதினார்.

"மூணு வீடு வெச்சிருக்கீங்க. அப்போ டெபாசிட்டும் மூணு பங்கு" என்றார் நண்டு.

துளசிங்கம் படிவத்தை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார். பின்பக்கம் எழுதாமல்தானே கிடந்தது.

"இயற்கையை அனுபவிக்கணும்னா நடக்கணும், செங்கமலம்" என்றார்.

நடந்தார்கள். மறுநாள் மத்தியானம் செங்கமலத்துக்கு நாலு காலிலும் கொப்புளம். கலங்கரை விளக்கம் முதல் நாள் இருந்த இடத்திலேயே, அதே உயரத்தில், எட்டாமல் நின்றது. அவள் சாலையோரத்தில் பையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் நம்ம படகு. எனக்கு விளக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். எங்கம்மா வளைக்கு எந்தப் பக்கம் போகணும்னு மட்டும் சொல்லுங்க."

அப்போது வாழைக்கன்று கட்டிய வேன் ஒன்று வந்து நின்றது. ஜன்னல் வழியாக ஓர் இளம் கீரி தலையை நீட்டியது.

"என்ன மாமா, இங்க உட்கார்ந்துட்டீங்க? அத்தை, ஏறுங்க. போட்டோ எடுக்க அருவிக்குப் போறோம்."

விஷயம் இதுதான். கீரி வீட்டுப் பெண்ணுக்கும் முள்ளம்பன்றி வீட்டுப் பையனுக்கும் மறுநாள் தீவில் கல்யாணம். காதல் கல்யாணம் என்பதால் இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் முந்தாநாள்தான் பார்த்தார்கள். துளசிங்கத்தைக் கண்ட கீரிகள், முள் கொட்டிப்போன சம்பந்தி வீட்டு மாமா என்று நினைத்தார்கள். முள்ளம்பன்றிகளோ, கீரிக் குடும்பத்தில் நன்றாகச் சாப்பிடுகிற கிளை போலிருக்கிறது என்று நினைத்தார்கள். நேராகக் கேட்டுவிடலாம்தான். ஆனால் கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்து 'நீங்க யாரு' என்று கேட்டுவிட்டு யார் தப்பித்திருக்கிறார்கள்?

அன்று மட்டும் அருவி, குகை, கண்ணாடி அடிப்படகில் பவளப்பாறை, கரையில் ஆளுக்கு இரண்டு இளநீர். மீன் கூட்டத்தைப் பார்த்து செங்கமலம் வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. துளசிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஓசியில் கிடைத்த சிரிப்பு என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கலங்கியது.

மறுநாள் தாலி கட்டியதும் அறிவிப்பு வந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் கலங்கரை விளக்கத்துக்குப் போகிறார்கள். ஒரே வேன், நெருங்கிய சொந்தம் மட்டும்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா கனகசபை, பந்தியில் இலைகளை எண்ணினார். இரண்டு இலை அதிகம். "யாரோ ஒரு ஜோடி ஓசியில நுழைஞ்சிருக்கு" என்று பந்தலுக்குள் பேச்சு பரவியது.

சந்தேகம் இரண்டு ஜோடிகள் மேல் விழுந்தது. ஒன்று துளசிங்கமும் செங்கமலமும். மற்றது, பதினெட்டு வருஷமாக வேறு காட்டில் இருந்துவிட்டு, முறையாக ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து, கையில் பத்திரிகையோடு அன்று காலையில்தான் வந்த மெய்யப்பனும் மனைவியும். மெய்யப்பன் நிஜமாகவே மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா, முகம்தான் யாருக்கும் நினைவில்லை.

கனகசபை அவரிடம் போனார். "சாப்பாடு எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்."

"தங்க இடம்?"

"சொர்க்கம்."

"கடைசி வரிசையில உட்கார வெச்சுட்டாங்களே?"

"அதனால என்னங்க. பசங்க நல்லா இருந்தா போதும்."

சொந்தக்காரன் பேசுகிற பேச்சா இது? கனகசபை முகம் கறுத்தது. பிறகு துளசிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

செங்கமலம் ஏற்கெனவே கலங்கரை விளக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று பையின் காதை முடிந்துகொண்டிருந்தாள். இவள் போய்விடுவாள் என்று நினைத்ததும் துளசிங்கத்துக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. இலையை மூடிவிட்டு எழுந்தார்.

"எங்களை யாராவது முறையா வந்து அழைச்சீங்களா? பத்திரிகையில எங்க பேர் இருக்கா? இங்க வந்ததுலேர்ந்து எங்க பேர் என்னன்னு ஒருத்தர் கேட்டிருப்பீங்களா? பாயசத்துல முந்திரியைக் காணோம். செங்கமலம், எடு பையை. நாம வேண்டாதவங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

பந்தல் மொத்தமும் பெருமூச்சு விட்டது. "சந்தேகமே இல்ல, சொந்தக்காரர்தான்" என்றாள் ஒரு கிழக் கீரி. பெண்ணின் அப்பா ஓடினார், கனகசபை ஓடினார், நாதஸ்வரக்காரரும் என்னவோ ஏதோ என்று ஓடினார். துளசிங்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தார், ஆனால் மெதுவாக நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறவர் பிடிபடும் வேகத்தில்தான் போகவேண்டும்.

"மன்னிச்சுடுங்க மாமா. உங்க மனசு ஆற நாங்க என்ன செய்யணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார் துளசிங்கம். "இவளுக்குத்தான் கலங்கரை விளக்கம் பார்க்கணுமாம்."

வேனில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து இருக்கையைக் கொடுத்தார்கள். மெய்யப்பனின் முதுகில் ஒரு முள்ளைப் பிடுங்கிப் பார்த்தார்கள். தோலோடு வந்தது. "ஒட்டவெச்சதுதான், பசை நல்ல பசை" என்று தீர்ப்பாகி, அவரையும் மனைவியையும் வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். அப்போதும் அவர் "பரவாயில்லை" என்றுதான் சொன்னார். இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அதோடு தீர்ந்தது.

உச்சியில் செங்கமலம் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தாள். நாலு பக்கமும் கடல்தான். புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, அடுத்த வருஷம் மலைப் பக்கம் யார் வீட்டுல கல்யாணம்?"

நீதி: குறை சொல்லாதவன் சொந்தக்காரனாக இருக்க முடியாது. ஆகவே, பாயசம் தேவாமிர்தமாக இருந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள். ஊர் சுற்ற வண்டி தானாக வரும்.