ஸ்கூட்டர் போட்ட ஊளை

பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் பதினெட்டு வருஷமாகப் பம்ப்புகளோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். பெயர் ராஜசேகரன். ஒரு பம்ப் லேசாக முனகினால் போதும், எங்கே வலி என்று சொல்லிவிடுவேன். தொழிற்சாலையில் என்னை 'டாக்டர்' என்பார்கள். வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

என் மனைவி ஷாமளா வேலைக்குப் போய்வர, போன மாதம் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். அவள் வேண்டாம் என்றாள். அதனாலேயே வாங்கினேன். மூன்றாவது வாரம் அது ஊளையிட ஆரம்பித்தது.

புதன்கிழமை காலை, பசியாற உட்கார்ந்த நேரம்.

“என்னங்க, மோட்டார் 'ஊங்'குன்னு கத்துது லா. பின்னால லாரி ஹார்ன் அடிச்சாக்கூட கேட்கல. பேசாம போமன் பட்டறையில காட்டிடலாமா?”

பட்டறையா! எனக்கு மேல் ஒரு மெக்கானிக்கா! இட்லி தொண்டையிலேயே நின்றது.

“வீட்டுல டாக்டர் இருக்கும்போது கிளினிக் எதுக்கு? சத்தம் எந்தப் பக்கம்?”

“இடது பக்கம். பின்னால.”

“பெல்ட்! தேய்ஞ்சு தொங்கிப் போயிருக்கும்.”

“தொங்குறது உங்க பெல்ட்டுங்க. வயித்துக்குக் கீழ.”

“நான் ஸ்கூட்டரைச் சொல்றேன்!”

“பாலத்துலருந்து இறங்கும்போது நான் ஆக்சிலேட்டரை முறுக்குறதே இல்ல. அப்பவும் கத்துது. பெல்ட்டுன்னா முறுக்கும்போதுதானே கத்தணும்?”

கேள்வி நியாயமாக இருந்தது. எனக்குக் கோபம் வந்ததற்கு அதுதான் காரணம்.

“பெல்ட்டைப் பத்தி எனக்கே பாடமா? சனிக்கிழமைக்குள்ள நானே சரிபண்ணிக் காட்டுறேன். வெளியாள் கை படாது!”

“முடியலன்னா?”

“முடியலன்னா அந்த ஸ்கூட்டர்ல நான் வேலைக்குப் போறேன். என் காடியை நீ எடுத்துக்க. ஏசி போட்டு ஜாலியா ஓட்டு!”

பதறிப்போய் வேண்டாம் என்பாள் என்று பார்த்தேன்.

“சரிங்க,” என்றாள். “இன்னொரு இட்லி வைக்கவா?”

அன்று சாயங்காலமே பெல்ட்டை மாற்றினேன். ஓட்டிப் பார்த்தேன். ஊங். வியாழக்கிழமை உள்ளே உருளுகிற ரோலர்கள் ஆறையும் மாற்றினேன். ஊங். வெள்ளிக்கிழமை பெல்ட் மூடியைக் கழற்றிக் கழுவி, விபூதி பூசி மாட்டினேன். ஊஊஊங்! பக்தியில் சுருதி ஏறிவிட்டது. எதிர்வீட்டு நாய் பதில் பாட்டே பாடியது.

ஷாமளா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

“டாக்டர், நோயாளி எப்படி?”

“தேறிக்கிட்டு வருது.”

“அலமாக்! தேறினதுக்கே இந்தக் கத்தலா?”

சனிக்கிழமை காலை அவள் என் காடியை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள். ஸ்கூட்டர் சரியாகும் வரைக்கும்தானாம். அவள் தெருமுனை திரும்பியதும் என் புத்தி வேலை செய்தது. நேராக அந்தப் பட்டறைக்கு, போமன் காளியப்பனிடம் போவது. அவள் திரும்புவதற்குள் சரிசெய்து வாங்கிவிடுவது. 'நான்தான் செய்தேன்' என்று மார்தட்டுவது. காளியப்பன் காட்டிக் கொடுக்க மாட்டார். அவரும் கல்யாணமானவர்.

பட்டறையில் காளியப்பன் எஞ்சினை முடுக்கக்கூட இல்லை. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றினார்.

கர்ர்ர்ர்.

“கேட்டீங்களாண்ணே? எஞ்சின் ஓடல. பெல்ட்டும் சுத்தல. சக்கரம் மட்டும்தான் சுத்துது. அப்பவும் சத்தம். பின் கியர்ல பேரிங் போயிருக்கு.”

மூன்று நாள் நான் முதுகு ஒடியத் தேடியதை, அவர் மூன்று விநாடியில் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். பேரிங்கோடு சேர்ந்து என் பேரும் போயிற்று.

குரலைத் தாழ்த்தினேன்.

“காளியப்பா, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். வீட்டுல தெரிய வேணாம்.”

அவர் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அக்கா செவ்வாக்கிழமையே கொண்டு வந்து காட்டிட்டாங்கண்ணே.”

“செவ்வாக்கிழமையா!”

சவால் விட்டது புதன்கிழமை.

“ஆமாண்ணே. அவங்களுக்கும் இப்படித்தான் சுத்திக் காட்டினேன். உடனே மாத்திடலாம்னேன். 'இப்ப கழட்டாதீங்க, பேரிங் மட்டும் வாங்கி வைங்க. அவர் ரெண்டு மூணு நாளு நோண்டிட்டு அவரே கொண்டு வருவாரு'ன்னாங்க. பேரிங் வந்துடுச்சு. மத்தியானத்துக்குள்ள முடிச்சுடலாம்.”

நான் அங்கிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தேன். காளியப்பன் மேசைக்கு அடியில் குனிந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார்.

“இன்னிக்குக் காலையில உங்க காடியில வந்தாங்க. நீங்க வந்தா இதையும் குடுக்கச் சொன்னாங்க.”

பிரித்தேன். புத்தம் புதிய மழைக்கோட்டு. என் சைஸ்.