ஆளுக்கொரு நகல்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது நகல். நெருப்பும் சக்கரமும் அதற்கு அடுத்தபடிதான். வீடு பற்றிக்கொண்டால் நெருப்பு வைத்தது யார் என்று கேட்பார்கள். நகல் எடுத்தவனை யாரும் எதுவும் கேட்க முடியாது. "எனக்கு வந்ததை அப்படியே வாங்கி வைத்தேன்" என்று கையைக் கழுவிக்கொள்வான். இந்தப் பேருண்மையைக் காருக்குள் கொண்டுவந்த பெருமை நம் மேலாளரையே சேரும்.

அவருடைய நிறுவனம் காரின் பின்னால் பொருத்தும் கேமரா செய்தது. காரைப் பின்னால் எடுக்கும்போது அங்கே என்ன இருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் திரையில் காட்டும். கேமரா எடுத்த படம் கருவியின் மெமரியில் ஓரிடத்தில் வந்து உட்காரும். அங்கிருந்தே அதைத் திரையில் காட்டிவிடலாம். ஆனால் அது ஒரு நிறுவனம் நடந்துகொள்ளும் முறையா? வெளிச்சப் பிரிவு படத்தைத் தன் பஃபருக்கு, அதாவது மெமரியில் தனக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு, நகல் எடுத்து, நன்றாக இருக்கிறது என்று திருப்தியடையும். வண்ணப் பிரிவு அதிலிருந்து தனக்கொரு நகல் எடுத்துத் திருப்தியடையும். இப்படி ஆறு பிரிவுகள். படத்தில் ஒரு புள்ளியைக்கூட யாரும் மாற்றுவதில்லை. வெறுமனே பார்ப்பதற்குத்தான் இத்தனையும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த புரோகிராமர் பெண்ணுக்கு இந்த நயம் பிடிபடவில்லை. வாராந்தரக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"சார், படம் ஏற்கெனவே மெமரியில இருக்கு. எல்லாரும் அதைப் படிக்கத்தானே செய்றாங்க? சி மொழியில அது இருக்கிற இடத்தோட முகவரியையும் நீளத்தையும் குடுத்தா போதும். ஒரு பாயிண்டர், அவ்வளவுதான். படிச்சு முடிக்கிற வரைக்கும் கேமரா அந்த இடத்துல கை வைக்காம பார்த்துக்கணும்."

வண்ணப் பிரிவுத் தலைவர் முகம் சிவந்தார். "அடுத்தவங்க பஃபர்ல எட்டிப் பார்க்கச் சொல்றியா? அந்த மாதிரி ஆளுங்க இல்லம்மா நாங்க."

"நகல் எடுத்து முடிக்கிறதுக்குள்ள படம் பழசாயிடுது சார். பின்னால ஒருத்தர் வந்து நின்னா, திரையில தெரிய ரெண்டு மூணு செகண்டு ஆகுது."

"அவ்வளவு நேரம் அவர் பொறுத்துக்க மாட்டாரா?" என்றார் வெளிச்சப் பிரிவுத் தலைவர்.

மேலாளர் மனக்கணக்குப் போட்டார். ஆறு நகலும் போனால் ஆறு பிரிவும் போகும். பிறகு அவர் யாருக்கு மேலாளர்? "ஏம்மா, எல்லாரும் ஒரே இடத்துல பார்த்தா, நாளைக்கு ஒண்ணுன்னா யாரைப் பொறுப்பாக்கறது?" என்று கேட்டார். கூட்டம் மேசையைத் தட்டி ஆரவாரித்தது. அவளுடைய யோசனைக்கு 'உரிய பரிசீலனைக்காக' ஆறு நகல்கள் எடுக்கப்பட்டன.

வெற்றிக் களிப்பில் மேலாளர் முதல் கருவியைத் தன் காரிலேயே பொருத்தினார். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலிலிருந்து காரைப் பின்னால் எடுத்தார். கழுத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் சொந்தத் தயாரிப்பையே அவமதித்ததாகிவிடும். திரையில் தெரு துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினார்.

தடால் என்று ஒரு சத்தம். "ஐயோ!" என்று ஓர் அலறல். பிரேக்கை மிதித்துவிட்டு, பதறிப்போய்த் திரையைத்தான் பார்த்தார். தெரு இன்னும் காலியாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் மனைவி, கையில் குப்பைக்கூடையுடன், நிதானமாகத் திரைக்குள் நடந்து வந்தாள். விலகிப் போ என்று அவளை எச்சரிக்க அவர் ஹாரனைக்கூட அடித்தார்.

கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மாவுக்கட்டைப் பார்த்து மேலாளருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அழுது முடித்ததும் அவசரக் கூட்டம் கூட்டினார். மனைவியின் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி ஆறு தலைவர்களும் ஆப்பிளோடு வந்து உட்கார்ந்தார்கள். புரோகிராமர் பெண் கதவோரம் நின்றாள்.

"எங்க நகல்ல அண்ணி இல்லவே இல்லை" என்றார் வெளிச்சம்.

"எங்களதுலயும் இல்லை" என்றார் வண்ணம். மற்ற நால்வரும் அதையே சொன்னார்கள்.

"அப்ப நான் எங்கதான் நின்னேன்?" என்றாள் மனைவி. பிறகு கதவுப் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. சொன்னேன்."

அறையே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஆபத்து முன்கூட்டியே தெரிந்திருந்த ஒரே நபர் இந்தப் பெண்தான், ஆகவே முழுப் பொறுப்பும் அவளுடையதே, நாளையிலிருந்து அவள் வேலைக்கு வர வேண்டியதில்லை என்று முன்மொழிந்தார். ஆறு கைகளும் உயர்ந்தன.

"கையை இறக்குங்க" என்றாள் மனைவி. "அந்தப் பொண்ணு தலையில ஒரு நகலைக் கட்டிட்டுப் போயிடலாம்னு பார்க்காதீங்க. தப்போட அசல் இதோ, என் கட்டில் பக்கத்துல கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்குது."