கரப்பான் கீதா

வயசை மறைக்க நினைக்கிற பொம்பளைக்குப் புத்தி மட்டும் வளர்வதே இல்லை. ஊராரைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

மாமல்லபுரத்தில் கடலோரமாக ஒரு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் பண்ணுகிற வேலை எனக்கு. பத்தொன்பது வருஷம் (துடைப்பமே என் பேச்சைக் கேட்கும்). ஒருநாள் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். ரூமில் என்ன பழுது என்று வாயால் சொன்னால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். பட்டனைத் தட்டினால் மேனேஜருக்குப் போய்விடும். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் பத்து நாள் பயிற்சி, கடைசியில் டெஸ்ட். தேறாதவர்கள் அடுத்த மாசம் வர வேண்டாம். எனக்கு ஐம்பத்திரண்டு. என் வூட்டுக்காரர் முதுகு வலியால் வேன் ஓட்டுவதை விட்டிருந்த நேரம். என் வேலையும் போனால் அவ்வளவுதான்.

அந்தப் பயத்தில் நான் செய்த புத்திசாலித்தனம் என்ன தெரியுமா? மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன். கண்ணாடி போட்டால் கிழவியாகத் தெரிவேனாம், கிழவிகளைத்தானே அனுப்பப் போகிறார்களாம்! பத்து நாளும் டேப்லெட்டில் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. "புரியுதுங்களா ஸ்டெல்லாம்மா?" என்று மேனேஜர் கேட்டபோதெல்லாம் "சூப்பர் மேடம்" என்றேன். கோயம்புத்தூர்க்காரர், வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. பெயர் கீதா.

டெஸ்ட் அன்றைக்கு ஒரு ரூமை வேண்டுமென்றே நாசம் பண்ணி வைத்திருந்தார்கள். நான் உள்ளே சொல்லச் சொல்ல, கீழே ஹாலில் பெரிய திரையில் எல்லோருக்கும் தெரியும். கட்சிக் கூட்டத்தில் பேசுகிற மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ரூமுல ஒரே நாத்தமா கீது." தட்டினேன். "கட்டிலுக்கு அடியில கரப்பான் கீது." தட்டினேன். "கக்கூசு அடைச்சிக்கினு கீது." அதையும் தட்டினேன்.

மகாராணி மாதிரி இறங்கி வந்தால், ஹாலில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூட வேலை செய்கிற பர்வீன் மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "அடிப்பாவி, இன்னாடி எழுதிக்கீற? கண்ணாடிய மாட்டிப் பாரு!"

மாட்டினேன். மிஷின் 'கீது'வை எல்லாம் 'கீதா' ஆக்கியிருந்தது. 'ரூமில் ஒரே நாற்றமா கீதா. கட்டிலுக்கு அடியில் கரப்பான் கீதா. கக்கூஸ் அடைச்சு கீதா.'

ஏசப்பா! அழுகையே வந்துவிட்டது. "மேடம், சத்தியமா உங்கள சொல்லல. இருக்குதுன்றத நாங்க கீதுன்னுதான் சொல்லுவோம்."

"அனுப்பறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்க்கலீங்களா?"

"கண்ணாடி போட்டா வயசாயிடுச்சின்னு வேலைய வுட்டுத் தூக்கிடுவீங்களோன்னு பயந்துட்டேன் மேடம்."

"இத்தன பேருல கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பார்த்தது நீங்க ஒருத்தர்தானுங்க. நாளைக்குக் கண்ணாடியோட வாங்க, மறுபடி வெச்சுக்கலாம்" என்றார் மேடம். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த சிரிப்பு, திரையில் 'கரப்பான் கீதா'வை மறுபடி பார்த்ததும் அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் சர்ச்சில் வேதம் வாசிக்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் 'இருக்கிறது' போட்டுத் தேறிவிட்டேன். வேலை தப்பியது, மானம்தான் திரும்பவில்லை. என் வூட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அன்றிலிருந்து "சோறு கீதா மேடம்?" என்றுதான் கேட்பார்.

போன கிறிஸ்துமஸுக்கு மேடம் எங்கள் வூட்டுக்கே சாப்பிட வந்தார். வாசலில் சொந்தக்காரர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்த இந்த மனுஷன், பழக்க தோஷத்தில் உள்ளே பார்த்து, "ஸ்டெல்லா, கொழம்பு கீதா மேடம்?" என்று கத்தினார். எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே தட்டோடு உட்கார்ந்திருந்தவர் அதைவிடச் சத்தமாகப் பதில் கொடுத்தார்:

"கீதா மேடம் இங்க கீதுங்க, கொழம்புதான் இன்னும் வரல!"