என் பெயருக்குக் கீழே ஒரு வரி

திருமயம்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் அய்யாக்கண்ணு அவர்களுக்கு, மைத்துனன் முனியசாமி வணங்கி எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரி பிரகதாம்பாள், கறிக்கடை, கத்தி எல்லாம் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருந்து, உங்கள் சர்க்கரையும் சொன்னபடி கேட்க வேண்டும். போனில் பேசினால், "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்பீர்கள். தலைமையாசிரியர் ரிட்டயர் ஆகலாம், அந்த வாக்கியம் ஆகாது. ஆகவே எழுத்தில் கொடுக்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை புரூஃப் இங்குள்ள அச்சகத்திலிருந்து வந்துவிட்டது, இத்துடன் வைத்திருக்கிறேன். நம் பிள்ளை கார்முகில் ஸ்பெயினிலிருந்து அனுப்பிய பட்டியலில், மாப்பிள்ளையின் அப்பா மனுவேல் பெயருக்கு எதிரே வேலை 'கார்னிதேரோ' என்று இருந்ததல்லவா? அதைப் பார்த்ததும் கலெக்டர் மாதிரி பெரிய பதவி என்று உங்கள் வல்லத்திராக்கோட்டை முழுக்கச் சொல்லிவிட்டீர்கள், பால் சொசைட்டியில் உங்களுக்குத் தனி நாற்காலியும் போட்டுவிட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். அவருக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்க வீடியோ கால் போட்டேன். பிள்ளை போனைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளை ஏப்ரன், கையில் கத்தி, பின்னால் வரிசையாகத் தொடைக்கறி.

"ஒங்க வேலைதான் மாமா அவருக்கும். கறிக்கடை. அப்பா கேக்கவே இல்ல, கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை மச்சான். பிரகதாம்பாளிடம் மட்டும் சொன்னேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு நடமாடுகிறாள். சம்பந்தி அவர் கத்தியைக் காட்டினார், நான் என் கத்தியைக் காட்டினேன். பிறகு அந்த வார்த்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துச் சொல்ல வேண்டுமாம். மறுநாள் கடையில் வெட்டுக்கு ஒருதரம் சொல்லிப் பார்த்ததில் நாக்கைக் கடித்துக்கொண்டேன், நல்லவேளை விரல் தப்பியது. நின்றுகொண்டிருந்த ஜெகபர் சாதிக் பாய், "அது ஆட்டுல எந்தப் பக்கம்ணே இருக்கு? அதுலயே அரைக் கிலோ போடுங்க" என்றார். தொடையில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வந்து, அருமையாக இருந்தது, அதுவே வேண்டும் என்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கார்முகில் காதுகுத்து, சடங்கு, உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று மூன்று பத்திரிகை அடித்தீர்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் ஒரு வரி உண்டு. இவர் மின்வாரியம், அவர் வி.ஏ.ஓ., நாலு அரியர் வைத்திருந்த பிரசாந்துக்குக்கூட பி.இ. தாய்மாமன் எனக்கு மட்டும் 'முனியசாமி, திருமயம்' என்று, ஏதோ பஸ் ஸ்டாப் மாதிரி. மூன்று விருந்துக்கும் கறி என் கடையிலிருந்துதான் வந்தது. பத்திரிகையில் மட்டும் கடை வரவில்லை. உங்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும் என்று வாயைத் திறக்கவில்லை. ஆனால் மூன்று தடவையும் எனக்கு வலித்தது மச்சான்.

இந்தத் தடவை ஒன்று கேட்கிறேன். சம்பந்தி பெயருக்குக் கீழே 'கார்னிதேரோ' என்றே இருக்கட்டும். என் பெயருக்குக் கீழேயும் அதையே போட்டுவிடுங்கள். உங்கள் நாற்காலிக்கும் ஆபத்தில்லை, எனக்கும் ஒரு வரி கிடைக்கும். ஊரில் ஒருவருக்கும் புரியாது. புரியாத வேலைக்குத்தான் மரியாதை அதிகம்.

அக்காவுக்கு என் அன்பு. பேத்தி பேரன் எடுத்து, அவர்களுக்கும் நீங்களே இலக்கணம் சொல்லிக்கொடுத்து, அவர்கள் தப்பித்து ஓட, பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
அன்பு மைத்துனன்
முனியசாமி

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் கார்முகில் கூப்பிட்டாள். தன்னுடைய வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று சம்பந்தி கேட்டுப் பத்து நாளாகப் பாடம் பண்ணுகிறாராம். பத்திரிகையில் அதுதான் வர வேண்டுமாம். போனை வாங்கி, நெஞ்சில் கைவைத்து, "கறிக்கடைக்காரர்" என்றார். நான் ஒருநாளும் என்னைப் பற்றி அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. அதனால் மேலே எழுதியதெல்லாம் தள்ளுபடி. அவர் பெயருக்குக் கீழே 'கறிக்கடைக்காரர்' என்று போடச் சொல்லிவிட்டேன், நாற்காலியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறது. அதை உங்கள் சிவப்புப் பேனாவால் நீங்களே எழுதி, புரூஃபை, இந்தக் கவரைக் கொண்டுவரும் பஸ் கண்டக்டரிடமே கொடுத்தனுப்புங்கள். கூடவே ஈரல் அனுப்பியிருக்கிறேன். முதலில் எழுதுங்கள், அப்புறம் சாப்பிடுங்கள்.