அசையாத நாமம்

பூஜை அறையில் தடாலென்று ஏதோ விழுந்தது.

"என்னடி அது?" என்று கூடத்திலிருந்தே சேஷு புருவத்தை நெரித்தார்.

"திருமண் பெட்டிப்பா, கை தவறிடுத்து," என்றாள் மகள் ஜலஜா. "கட்டி நொறுங்கிப் பொடியாயிடுத்து. குழைச்சு இட்டுக்கோங்கோ."

உத்திரமேரூர் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் ஹெட்கிளார்க் சேஷுவின் புருவ நெரிப்பு சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம். பத்திரம் பதிய வந்தவர்கள் அதைக் கண்டு தகப்பனார் பெயரை மறந்ததுண்டு. ஜலஜாவைப் பெண் பார்க்க வந்த தென்னேரிக்காரர்கள், காபி வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்துவிட்டார்கள். இன்றைக்குக் கூரத்திலிருந்து வரன் வருகிறது. இதுவாவது கலையாமல் இருக்க வேண்டுமே என்று மனைவி பெருந்தேவி பெருமாளிடமும் கணவரிடமும் மாறி மாறி மன்றாடிக்கொண்டிருந்தாள்.

சேஷு பொடியை உள்ளங்கையில் குழைத்து, சம்பந்திகள் மதிக்கும்படி புருவத்தைத் தொடும் அளவுக்குத் தடிமனாக நாமம் இட்டுக்கொண்டார். சற்றைக்கெல்லாம் நெற்றி வெதுவெதுத்தது. அனுக்கிரகம் என்று கைகூப்பினார். பெருந்தேவியை முறைக்கப் போனபோதுதான் புருவ மயிரைக் குறடு பிடித்து இழுத்ததுபோல் சுரீரென்றது.

தண்ணீர் விட்டுத் தேய்த்தார். நாமம் அசையவில்லை. பெருந்தேவி சவரப் பெட்டியிலிருந்து படிகாரக் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தாள். தேய்க்கத் தேய்க்க நாமம் இன்னும் இறுகிற்று. நல்லெண்ணெய் தடவினார், விரல்தான் வழுக்கியது. எண்ணெய் வழிவதை மறைக்க ஜலஜாவின் முகப்பவுடரை அப்பிக்கொண்டார்.

அப்போது கொல்லைப்புறமாக வந்தான் பெருந்தேவியின் தம்பி அம்பி. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கல்லையும் மண்ணையும் இடித்துக் கொடுப்பதெல்லாம் ஒரு வைத்தியமா என்று அவனைப் பார்க்கும்போதெல்லாம் சேஷு குத்திக் காட்டுவது வழக்கம். அவன் அவர் நெற்றியைச் சுண்டிப் பார்த்தான். டொக் டொக்கென்றது.

"அத்திம்பேர், இது திருமண் இல்லே. எலும்பு முறிஞ்சா கட்டுப் போடற மாவு. ஜிப்சம்னு ஒரு கல்லைச் சுட்டுப் பொடி பண்றது. கொலுப் பொம்மைக்குக் கை ஒட்டறதுக்காக இந்தாத்துக்கு நான்தான் கொடுத்தனுப்பினேன்."

"அந்த டப்பாவைப் பூஜை அறையிலதான் வெச்சிருந்தேன்," என்று தலையில் கைவைத்தாள் பெருந்தேவி. "விழுந்ததுல ரெண்டும் கலந்துடுத்துபோல."

படிகாரம் தேய்த்தால் அந்த மாவு சீக்கிரம் இறுகும் என்று அம்பி சாவகாசமாக விளக்கினான். அந்தப் படிகாரமும் மண்ணிலிருந்து வெட்டியெடுப்பதுதான், மேலே பூசிய பவுடரும் மாக்கல்லை அரைத்ததுதான். "நெத்தியிலே ஒரு சுரங்கத்தையே சுமந்துண்டிருக்கேள்."

சேஷு சீறப் போனார். சுரீரென்றது. அடங்கினார்.

இப்போது பிய்த்தால் புருவமும் கூடவே வரும், சாயங்காலம் ஊறவைத்து எடுக்கிறேன், அதுவரை புருவத்தை ஆட்டாமல் உட்காருங்கள் என்றான் அம்பி. அதற்குள் வாசலில் ஜட்காக்கார முருகேசன் வந்து நின்றான்.

"சாமி, கூரத்துக்காரங்கள இட்டாந்துட்டேன்." சேஷுவை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். "நெத்தியில இன்னா சாமி, செவுத்துக்குப் பூசறாப்பல பூசிக்கினு கீறீங்க?"

பிள்ளையின் தகப்பனார் சுந்தரவரதன் விசிறிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு அப்புறம் பெண் டீச்சர் டிரெயினிங் படிக்கட்டுமே என்றார். ஜலஜா அப்பாவிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன விஷயம் அது. சேஷு அதற்காகவே ஒரு மாதம் அவளோடு பேசாமல் இருந்தவர். புருவம் தானாக எழுந்தது. சுரீரென்றது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

பிள்ளை கிணற்றடியில் பெண்ணோடு இரண்டு வார்த்தை பேசலாமா என்று அடுத்ததாகக் கேட்டார்கள். இன்னொரு சுரீர். நீர் கன்னத்தில் இறங்கியது. நெற்றியில் மட்டும் ஒரு சுருக்கம் இல்லை.

சுந்தரவரதன் நெகிழ்ந்துபோனார். "உம்ம கோபத்தைப் பத்திக் கூரம் வரைக்கும் கதை கதையாச் சொன்னா, ஸ்வாமி. பொண்ணோட படிப்புன்னதும் கண்ணே கலங்கிடுத்தே உமக்கு. இப்படி ஒரு சாந்த சொரூபியை நான் பார்த்ததே இல்லே."

அங்கேயே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். முகூர்த்தம் தையில் என்று நிச்சயமாயிற்று.

சாயங்காலம் அம்பி ஈரத்துணி போட்டு ஊறவைத்து, நாமத்தை முழுசாகக் கழற்றி எடுத்தான். அத்தோடு பாதிப் புருவமும் வந்தது. சேஷு கண்ணாடியைத் தேடிக்கொண்டு உள்ளே போனதும் அவன் ஜலஜாவைக் கூப்பிட்டான். நல்லவேளையாகக் காரியம் கெடவில்லை. மிச்சப் பொடி எங்கேயாவது இருந்தால் கொடு, கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறேன் என்றான்.

ஜலஜா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதை மட்டும் கேக்காதேங்கோ மாமா. திருமண் பெட்டியிலே பாதிதான் போட்டேன். மீதி கல்யாணத்தன்னிக்கு வேணும்."