மனைவிக்குப் பார்த்த மாப்பிள்ளை

"இந்த டிஸ்க்கைப் படிக்க இயலவில்லை. பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யலாமா?" என்று லேப்டாப் கேட்டது. சர்வேயர் "ஆம்" என்பதை அமுக்கினார்.

இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம் அது. எந்தப் பெட்டி என்ன கேட்டாலும் "ஆம்" போட்டால் வேலை நகரும். "இல்லை" போட்டால் ஏன் என்று விளக்கம் எழுத வேண்டும். ஆபீஸ் வரைபடங்களைக் காப்பி எடுக்க அவருக்கு ஒரு டிஸ்க் வேண்டியிருந்தது. டிவிக்குப் பின்னால் ஒரு கருப்பு டப்பா சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துச் சொருகினார். அவ்வளவுதான் நடந்தது.

போன் அடித்தது. மனைவி. தங்கை புது வீட்டுக்குக் குடிபோகிறாள், சாமான் பிரித்து அடுக்க ஆள் வேண்டும் என்று அன்று காலைதான் கிளம்பிப் போயிருந்தாள். திரும்பி வர நான்கு நாள் ஆகும்.

"சொல்ல மறந்துட்டேன். டிவி பின்னால ஒரு கருப்பு டப்பா இருக்கும் பாருங்க."

"ம்."

"என் கேம் எல்லாம் அதுலேர்ந்துதான் ஓடுது. நாலு வருஷமா உயிரைக் குடுத்து ஒரு தோட்டம் போட்டு வெச்சிருக்கேன். தூசு தட்டுறேன் அது இதுன்னு அதுல கையை வெச்சுடாதீங்க."

"நான் ஏன் கை வெக்கப்போறேன்?"

லேப்டாப் அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்தது என்று 'டிங்' அடித்தது.

"என்ன சத்தம்?"

"மைக்ரோவேவ்."

"உங்களுக்கு அதைப் போடத் தெரியுமா?"

"இப்பதான் கத்துக்கிட்டேன்."

போனை வைத்துவிட்டு லேப்டாப்பைப் பார்த்தார்; டப்பா முழுக்கக் காலி என்றது. மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. நாள் முழுக்க ஊரார் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்து, மாலையில் ஒரு மணி நேரம் டிவி முன் உட்கார்ந்து ஏதோ விளையாடுவாள். என்ன விளையாட்டு என்று அவர் கேட்டதில்லை. ஊரார் நிலத்தையெல்லாம் அங்குல சுத்தமாக அளந்தவர், தன் வீட்டு டிவிக்குள் மூன்று ஏக்கர் இருப்பதைக் கவனிக்கவே இல்லை.

கருப்பு டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மெக்கானிக் கடைக்கு ஓடினார். அந்த டப்பாவைச் சொருகி டிவியில் கேம் ஓட்டும் விளையாட்டுப் பெட்டியை விற்றதே அந்த மெக்கானிக்தான். கம்பெனி போட்ட பூட்டை எடுத்துவிட்டு, எந்த கேமை வேண்டுமானாலும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு ஓட்டலாம் என்று 'மோட்' செய்து கொடுத்தவர்.

"ஏன் சார் அமுக்குனீங்க?"

"கேட்டுச்சு."

"கேட்டா?"

"ஆமாம்னு சொன்னேன்."

மெக்கானிக் திருகாணி முடுக்கியைக் கீழே வைத்தார். "பெட்டிக்காகப் போட்ட டிஸ்க்கை லேப்டாப்புக்குப் படிக்கத் தெரியாது சார். தனக்குப் படிக்கத் தெரியாததையெல்லாம் அழிச்சிடட்டுமான்னு கேக்கும்."

"எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான்" என்றார் சர்வேயர்.

அரை மணி நேரத்தில் மெக்கானிக் அதே கேமை டிஸ்க்கில் மறுபடி ஏற்றிக் கொடுத்தார். கடையில் கூட்டம். மற்றதைப் பிறகு பேசலாம் என்று அனுப்பிவிட்டார். சர்வேயருக்குப் பிறகு என்பதில் நம்பிக்கை கிடையாது. வீட்டுக்கு வந்து கேமைப் போட்டார். நான்கு நாளில் தானே உட்கார்ந்து தோட்டம் போட்டு முடித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

"இந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு தோட்டம் உள்ளது. அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?" என்றது டிவி.

மெக்கானிக் மாதிரிக்குப் போட்டு வைத்ததாக இருக்கும் என்று நினைத்தார். "ஆம்."

பத்து நிமிஷம் கழித்து மெக்கானிக் போன் செய்தார். "சார், அவசரத்துல சொல்லாம விட்டுட்டேன். டிஸ்க்ல இருந்தது கேம் மட்டும்தான். உங்க வீட்டம்மா போட்ட தோட்டம், அந்த சேவ் ஃபைல், விளையாட்டுப் பெட்டிக்குள்ளயே பத்திரமா இருக்கு. கவலைப்படாதீங்க."

சர்வேயர் திரையில் தெரிந்த வெறும் பொட்டல் நிலத்தைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு சார். புதுசா மட்டும் தொடங்கிடாதீங்க."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பெட்டியைத் துண்டில் பொதிந்து இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். மெக்கானிக் பெட்டியைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

"வேற ஒரு கஸ்டமரோட சேவ் ஃபைல் எங்கிட்ட இருக்கு சார். இதே கேம். நாலு வருஷம் நல்லா பராமரிச்ச தோட்டம். மோட் பண்ணின பெட்டிங்கறதால அதைத் தூக்கி இதுல போட்டுடலாம்."

போட்டார். திரையில் ஒரு குடிசைக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து தொந்தியும் முறுக்கு மீசையுமாக ஓர் ஆள் கடப்பாரையோடு வெளியே வந்தான்.

"இது யாரு?"

"உங்க வீட்டம்மா சார்."

சர்வேயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"மீசையை எடுத்துடலாம் சார். சேவ் ஃபைலைத் திறந்து எதை வேணா மாத்தி எழுதலாம். தொந்தி, மாடு, வேலி எல்லாம். எங்கெங்க என்னென்ன இருந்துச்சுன்னு மட்டும் எழுதிட்டு வாங்க."

இது அவருக்குக் கைவந்த கலை. வெளியே போய், அளவைக் குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு, மனைவிக்குப் போன் போட்டார்.

"உன் தோட்டத்துல என்னெல்லாம் வெச்சிருக்கே?"

"உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

"சும்மாதான் கேக்கறேன். நாலு வருஷமா விளையாடுறே. கேக்கணும்னு தோணுச்சு."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. வடக்கே பூசணி, கிழக்கே சோளம், குளத்தங்கரையில் வாத்துக் கொட்டகை என்று இருபது நிமிஷம் பேசினாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷத்தை அவர் கேட்டு நாளாகிவிட்டது. இவ்வளவு ஆசையாக வளர்த்ததை இரண்டு "ஆம்"களில் அழித்துவிட்டோமே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"மாடு?"

"மூணு. பெரிய மாட்டுக்கு உங்க அக்கா பேரு."

"பாசமா?"

"முட்டும்."

அதையும் எழுதிக்கொண்டார். "என் பேரை எதுக்காவது வெச்சிருக்கியா?"

"ஓ, வெச்சிருக்கேனே. சோளக்கொல்லை பொம்மைக்கு."

சர்வேயர் அதை எழுதவில்லை. ஞாபகம் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

மெக்கானிக் மத்தியானம்வரை உட்கார்ந்து மாற்றினார். மீசை போனது. தொந்தி கரைந்தது. பூசணி வடக்கே நகர்ந்தது. கடைசியில் வேலை ஓர் இடத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

"சார், இந்த ஆளு ரொட்டிக்கடைக்காரியைக் கட்டியிருந்தான். அந்தக் கல்யாணத்தை எடுத்துட்டேன். ஆனா அந்த இடத்துல வேற யார் பேரைப் போட்டாலும் கேம் நின்னுபோகுது. அதை மட்டும் நீங்களே விளையாடித்தான் முடிக்கணும்."

"எதை?"

"கல்யாணத்தை."

"என் பொண்டாட்டிக்கு இதுல கல்யாணம் ஆயிருக்கா?"

"நாலு வருஷம் சார்! இந்த கேம்ல ரெண்டாவது வருஷமே எல்லாரும் முடிச்சிடுவாங்க."

சர்வேயர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "யாரை?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? நீங்கதான் அவங்க வீட்டுக்காரர்."

வீட்டுக்கு வந்து அந்த ஊரைச் சுற்றிப் பார்த்தார். கல்யாணமாகாத ஆண்பிள்ளைகள் மொத்தம் ஐந்து பேர். ஒரு டாக்டர், ஒரு மீன்காரன், ஒரு வாத்தியார், சதா கிட்டாரைச் சுரண்டிக்கொண்டிருக்கும் ஒரு தறுதலை, இரும்புப் பட்டறைக்காரர். ஐந்து பேரையும் பெண் வீட்டார் போல ஏற இறங்கப் பார்த்தார். ஒருவனையும் பிடிக்கவில்லை.

"நீ யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறாய்?" என்று கட்டின புருஷன் எப்படிக் கேட்பது? கொழுந்தியாளைக் கேட்கலாம்தான். ஆனால் அவளிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால், அது வாசல் தாண்டுவதற்குள் ஊர் தாண்டிவிடும். சுற்றி வளைத்து மனைவியிடமே கேட்டார்.

"அந்த ஊர்ல டாக்டர் ஒருத்தன் இருக்கானாமே. எப்படி?"

"வழிசல்."

"வாத்தியார்?"

"ஒரு சந்தேகம் கேட்டா ஒம்பது அறிவுரை சொல்வார்."

"பட்டறைக்காரர்?"

"அவரா?" மனைவி மூச்சை இழுத்து விட்டாள். "அவர் தங்கமான மனுஷன். வாயே திறக்க மாட்டார். சொன்ன நாளுக்குச் சொன்ன வேலையை முடிச்சுக் கையில குடுத்துடுவார். இந்தக் காலத்துல யாருங்க அப்படி இருக்கா?"

தன் வீட்டுக் குளியலறைக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருப்பது சர்வேயருக்கு ஞாபகம் வந்தது. சந்தேகமே இல்லை. மாப்பிள்ளை பட்டறைக்காரர்தான்.

மீதி நாட்களுக்கும் லீவு போட்டு, காதல் செய்ய உட்கார்ந்தார். அந்த விளையாட்டில் ஓர் ஆளின் மனம் இளக வேண்டுமானால் தினம் பேச வேண்டும், பிடித்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு நாள் என்பது பத்து நிமிஷம். முதலில் ரோஜாப்பூ கொடுத்தார். "எனக்கு எதற்கு இது?" என்று பட்டறைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பூசணி கொடுத்தார். அதற்கும் முகம் மலரவில்லை. "இவனுக்கு என்ன இவ்வளவு ராங்கி?" என்று சர்வேயர் டிவியைப் பார்த்துத் திட்டினார். பிறகு சுரங்கத்துக்குள் போய், வௌவாலிடம் கடிபட்டு, ஒரு கூடை செம்புக்கல் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். முதல் தடவையாகப் பட்டறைக்காரரின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் இதயம் சிவந்தது. சர்வேயர் சோபாவை விட்டு எழுந்து நின்று கைதட்டினார்.

கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் மனைவியின் பிறந்த நாளை அவர் ஒன்பது முறை மறந்திருக்கிறார். பட்டறைக்காரரின் பிறந்த நாளுக்கு முந்தின நாளே பரிசைத் தயார் செய்து பையில் வைத்துக்கொண்டார். மழை பெய்தால் குடை கொண்டுபோனார். "இன்று களைப்பாக இருக்கிறாயே?" என்று பட்டறைக்காரர் ஒருநாள் கேட்டபோது, நம்மை யாரும் இப்படிக் கேட்டதில்லையே என்று நினைத்தார். நாமும் யாரையும் இப்படிக் கேட்டதில்லை என்பது அடுத்து உறைத்தது. வெட்கமாக இருந்தது. உடனே எழுந்து போய்க் குழாயைச் சரிசெய்தார். அது முன்னைவிட வேகமாகச் சொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கல்யாணம் நடந்தது. ஊர் கூடி நின்று பூத் தூவியது. மனைவியின் உருவம் வெள்ளை உடையில் பட்டறைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, சர்வேயருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல இடம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். சேவ் செய்தார்.

மத்தியானம் மனைவி வந்தாள். கூடவே, ஒரு நாள் தங்கிப் போகலாம் என்று அவள் தங்கையும் வந்திருந்தாள். டீ குடித்து முடித்ததும் மனைவியின் கை தானாக ரிமோட்டுக்குப் போனது. சர்வேயர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

தோட்டம் வந்தது. வடக்கே பூசணி. கிழக்கே சோளம். மாடு மூன்றும் இருந்தன.

"வேலி என்ன இவ்வளவு நேரா இருக்கு?" என்றாள் மனைவி.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

அவள் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனாள். சமையலறையிலிருந்து அகலமான தோள்களோடு பட்டறைக்காரர் வந்து, "வந்துவிட்டாயா அன்பே? சாப்பிட்டாயா?" என்றார்.

மனைவி வீல் என்று கத்தினாள். "இவர் எப்படி என் வீட்டுக்குள்ள வந்தார்?"

இனி மறைத்துப் பயனில்லை. சர்வேயர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கருப்பு டப்பா, முதல் "ஆம்", இரண்டாவது "ஆம்", மீசை, வௌவால், செம்புக்கல் எதையும் விடவில்லை. மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டாமல் திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"நாலு வருஷ உழைப்பைப் பாழாக்கிட்டேன். தப்புதான். மன்னிச்சுக்கோ. ஆளை மாத்திக் கட்டிவெச்சுட்டேன்னு நினைக்கிறேன். டாக்டரா, வாத்தியாரா? அந்தக் கிட்டார்க்காரனா இருந்தாக்கூட சொல்லு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். இன்னும் ரெண்டு நாள் லீவு போட்டு உன் புருஷனை உனக்கே கட்டிவைக்கிறேன்."

அதுவரை பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தியாள்தான் பதில் சொன்னாள்.

"அய்யோ மாமா, அக்காவுக்கு அதுல புருஷனே கிடையாது. நாலு வருஷமா அவ அங்க போய்ட்டு வர்றதே அதுக்காகத்தானே!"